எது பெருந்திணை? ஆர். சூடாமணியின் காதற்புனைவு குறித்து ஒரு கருத்துரை

ஆர். சூடாமணியைக் (1931–2010) குடும்பக் கதைகளை மென்மையாக எழுதியவர் என்று ஒரு தொடரில் அறிமுகப்படுத்திவிட்டு அடுத்த பெயருக்குச் செல்வது நம் வகுப்பறைகளில் பழகிப்போன ஒன்று. அந்தத் தொடரில் பொய்யில்லை. 1957இல் 'காவேரி' என்னும் சிறுகதைக்குக் கலைமகள் வெள்ளிவிழாப் பரிசு பெற்றுத் தொடங்கி, 'மனத்துக்கினியவள்' நாவலால் கவனம் பெற்று, 500க்கும் மேற்பட்ட சிறுகதைகளை எழுதிய அவருடைய களம் பெரும்பாலும் வீடுதான். அவ்வீட்டினுள் நிகழும் காதல் எத்தகையது என்னும் வினாவே கேட்கப்படாமல் இருக்கிறது. கேட்கப்படும்போதும் விடை ஆயத்தமாக இருக்கிறது: சூடாமணி மரபை மீறியவர், ஆகவே பெண்ணியர். இவ்விடையின் முதற்பகுதியை நான் ஐயுறுகிறேன்.

மரபை மீறியவர் என்னும்போது எந்த மரபைச் சொல்கிறோம் என்பதைத் தெளிவுபடுத்துவதில்லை. பெற்றோர் பார்த்துக் கொடுக்கும் மணமே தமிழ்மரபு என்றும், தானே தேர்வதும் விலகுவதும் மறுப்பதும் மீறல் என்றும் கொண்டுவிட்டு, அவ்வளவுகோலால் அவர் கதைமாந்தரை அளக்கிறோம். ஆனால் நம் துறையின் முதல் நூல் தரும் அளவுகோல் வேறு.

தொல்காப்பியம் அகத்திணையை ஏழாகக் கொள்கிறது. ஐந்திணைக்கு இருபுறமும் கைக்கிளையும் பெருந்திணையும் நிற்கின்றன. பெருந்திணை என்றதும் மடலேறுதல், இளமை கடந்தபின் எழும் விருப்பம், தெளிவிழந்த காமம், வலிந்து கொள்ளும் காமம் ஆகிய நான்கையும் நாம் மனப்பாடமாகச் சொல்லிவிடுவோம். களவியலில் வரும் மற்றொரு பகுப்பை அதே விரைவில் நினைவுகூர்வதில்லை. வடவர் கூறும் எண்வகை மணத்துள் அசுரம், இராக்கதம், பைசாசம் மூன்றும் கைக்கிளையின்பாற்படும். பிரமம், பிரசாபத்தியம், ஆரிடம், தெய்வம் நான்கும் பெருந்திணையின்பாற்படும். இருவர் உள்ளமும் ஒத்த கந்தருவம் ஒன்றே ஐந்திணைக்குரியது. இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் இவ்வாறே பொருள் கொள்கின்றனர். எட்டில் நான்கு மணங்களைத் தன்னுள் அடக்கியதால்தான் அதற்குப் 'பெரும்' என்னும் அடை வந்தது என்ற விளக்கமும் உரைமரபில் உண்டு.

இப்பகுப்பின் விளைவைச் சற்று நின்று எண்ண வேண்டும். பிரமம் முதலிய நான்கும் கன்னியைப் பெற்றோர் பிறர்க்குக் கொடுக்கும் மணங்கள். அறநூல்கள் உயர்த்திச் சொல்பவை. இருவருடைய அன்பு அவற்றில் முன்நிபந்தனை அன்று. அதனாலேயே அகத்திணை இலக்கணம் அவற்றை ஐந்திணைக்குள் விடவில்லை. பின்வந்த நாற்கவிராச நம்பி பெருந்திணையைப் பொருந்தாக் காமம் என வரையறுத்தபின், அச்சொல் கிழவனின் ஆசைக்கும் கட்டுமீறிய காமத்திற்கும் மட்டுமே உரியதாக நம் மனத்தில் சுருங்கிவிட்டது. மதுரைச் சங்கத்தோடு இணைத்துச் சொல்லப்படும் இறையனார் களவியலோ அன்பின் ஐந்திணையை மட்டுமே எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிட்டது. அந்நூலின் ஊரிலிருந்து எழுதும் நாமும், ஐந்திணை ஆய்வு என்றால் இடமும் பெருந்திணை ஆய்வு என்றால் சிறு புன்னகையும் தருகிறோம்.

இனி 'இரவுச்சுடர்' நாவலுக்கு வருவோம். வசந்தா சூர்யாவின் ஆங்கில மொழிபெயர்ப்பாக 1996இல் வெளிவந்து தமிழறியாதாரிடமும் சென்ற நாவல் அது. இரவைப் பெயராகக் கொண்ட யாமினி திருமணம் வேண்டாம் என்கிறாள். அவளுக்குக் காதலன் இல்லை. தோல்வியுற்ற காதலும் இல்லை. துறவு பூணும் சமய நாட்டமும் இல்லை. தனித்திருக்க விரும்புகிறாள், அவ்வளவே. அவள்மீது அன்புள்ளவர்களே, அன்பின் பெயராலேயே, அவளை மணமேடைக்குக் கொண்டு சேர்க்கின்றனர். குழந்தையும் பிறக்கிறது. யாமினியின் மனம் சிதைகிறது.

இந்நாவலைப் பற்றிய உரையாடல்களில் முதலில் எழும் வினா பெரும்பாலும் ஒன்றே: "அவளுக்கு என்ன நோய்?" உளவியல் அணுகுமுறை என்னும் தலைப்பில் அவ்வினாவுக்கு ஓர் இயல் முழுவதும் விடை எழுதிவிடலாம். அவ்வாறு எழுதும்போது பிறழ்வு யாமினியிடம் இருக்கிறது என்பதை முன்னரே ஒப்புக்கொண்டு விடுகிறோம். களவியலின் பகுப்பைக் கையில் வைத்து வாசித்தால் பொருந்தாமையின் இருப்பிடம் மாறுகிறது. விருப்பமில்லாத ஒருத்தியை முறைப்படி, ஊரறிய, நல்ல நேரம் பார்த்துக் கொடுத்த அந்த மணமே பெருந்திணை. யாமினியின் மறுப்பு பெருந்திணைக்கு எதிரான குரல். சூடாமணி அம்மணத்தில் கொடியவர் எவரையும் வைக்கவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். தீயவன் ஒருவன் இருந்திருந்தால் பழியை அவன்மீது போட்டுவிட்டு மணமுறையைக் காப்பாற்றியிருக்கலாம். வாசகருக்கு அந்த வசதியை அவர் தரவில்லை.

'நான்காம் ஆசிரமம்' சிறுகதை இன்னும் துணிந்தது. மும்முறை மணந்த சங்கரி, மூன்றாம் கணவராகிய பேராசிரியரிடமும் விடுதலை கேட்கிறாள். இம்முறை வேறொருவரை மணப்பதற்காக அன்று, தனியே இருப்பதற்காக. அவளுடைய இறப்பிற்குப் பின் முன்னாள் கணவரும் பேராசிரியரும் பேசிக்கொள்ளும் பேச்சின் வழியே அவள் நமக்குத் தெரிய வருகிறாள். ஆடவர்க்கு வகுக்கப்பட்ட ஆசிரம வரிசையைப் பெண்ணொருத்தி தன் வாழ்வால் நடந்து காட்டுகிறாள் என்று கதையின் தலைப்பை விளக்குவது எளிது, சரியானதும்கூட. அகத்திணை நோக்கில் வேறொன்றும் தெரிகிறது. அவள் செய்த மணங்கள் அவள் உள்ளம் இசைந்தவை. ஒவ்வொரு பருவத்திலும் தனக்கு ஒத்தவரையே தேர்ந்தாள். ஒழுக்கப் பார்வைக்கு மூன்று மணம் பிறழ்வு. களவியலுக்கோ உள்ளம் ஒத்த கூட்டம். ஒப்பு நீங்கிய பின்னும் விட மறுக்கும் அறிஞரின் பற்றுதான் ஒருதலையானது. கைக்கிளை என்னும் பெயர் கற்றறிந்த, பண்பான, வயது முதிர்ந்த அம்மனிதருக்குப் பொருந்துவதே இக்கதையின் கூர்மை என்பேன்.

தொல்காப்பியரைப் பெண்ணியராக்குவது என் நோக்கமன்று. ஐந்திணையின் ஒப்பு குடியையும் பிறப்பையும் உள்ளடக்கிய ஒப்பு. அதை மெய்ப்பாட்டியல் வெளிப்படையாகவே சொல்கிறது. அடியோரும் வினைவலரும் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தப்பட்டனர். மருதக்கலியில் கூனியும் குறளனும் ஒருவரையொருவர் எள்ளி, பின் தழுவிக்கொள்ளும் பாட்டைப் படிப்பவர் அவ்வெல்லையையும் அதைத் தாண்டித் ததும்பும் உயிர்ப்பையும் ஒருங்கே உணர்வர். பழைய இலக்கணத்தைப் புதிய புனைகதைக்குப் பொருத்துவது வலிந்த செயல் என்னும் தடையும் எழலாம். முல்லை, குறிஞ்சி எனப் பெயரொட்டி நாவல்களை வகைப்படுத்தும் ஆய்வேடுகளைக் காணும்போது அத்தடை எனக்கும் நியாயமாகவே படுகிறது. நான் வேண்டுவது பெயரொட்டுதலை அன்று. யாருடைய விருப்பத்தை இயல்பு என்றும் யாருடையதைப் பிறழ்வு என்றும் எழுதுகிறோம் என்பதைச் சரிபார்க்க ஓர் அளவுகோலை.

இச்சரிபார்ப்பு ஏட்டளவில் நிற்பதன்று. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கங்களிலிருந்து மதுரைக் கல்லூரிகளுக்குப் பேருந்தேறி வரும் முதுகலை மாணவியருள், படிப்பு முடிவதற்குள் நிச்சயம் முடிந்துவிடுவோர் உண்டு. ஆய்வில் சேர்ந்த பெண்ணிடம் நெறியாளரின் பெயரைக் கேட்பதற்கு முன் 'எப்போது கல்யாணம்?' என்று கேட்பது இங்கே மரியாதையான விசாரிப்பு. அம்மாணவியர் முன் யாமினியை நோயாளியாக விளக்குவதும் வழக்காளியாக விளக்குவதும் ஒன்றாகா.

சூடாமணியின் வாழ்க்கையைச் சாவியாக்கிக் கதைகளைத் திறப்பதையும் கைவிட வேண்டும். இளமையில் அம்மை நோயால் உடல்நலம் குன்றியதும், வீட்டிலிருந்தே கற்றதும், மணம் புரியாததும் உண்மைகள். அவற்றைக் கொண்டு 'தனிமையை அனுபவித்தவர் தனிமையை எழுதினார்' என்பது இரக்கமாகத் தோன்றினும் கலைஞருக்கு இழைக்கும் குறை. மணமான ஆண் எழுத்தாளரின் காதற்கதையை அவர் இல்லறத்தால் எவரும் விளக்குவதில்லை.

அளவுகோலின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். சங்கரியின் கதையைப் பெரும்பாலும் அது அளந்துவிடுகிறது. யாமினியிடம் பாதியில் நின்றுவிடுகிறது. அவளுக்கு நேர்ந்த மணத்தைப் பெருந்திணை என்று சொல்ல முடிகிறது. அவளுடைய விருப்பத்திற்குப் பெயர் சொல்ல முடியவில்லை. கைக்கிளையில் ஒருவரேனும் மற்றொருவரை விரும்ப வேண்டும். எவரையும் விரும்பாமல், எவரையும் வெறுக்காமல், உலகை நேசித்துக்கொண்டு தன்னோடு தான் இருக்க நினைப்பவளுக்கு ஏழு திணையிலும் இடமில்லை. துறவு என்று காஞ்சிக்கு அனுப்பவும் முடியாது. நிலையாமை கண்டு விலகியவள் அல்லள் அவள். 'தனிமைத் தளிர்' போன்ற தேர்ந்தெடுத்த தொகுப்புகளோடு நில்லாமல் கலைமகள் முதலிய இதழ்களின் பழைய கட்டுகள் வரை சென்று தேடினால், யாமினியின் உடன்பிறந்தார் இன்னும் எத்தனை பேர் சூடாமணியிடம் இருக்கின்றனர் என்பது தெரியவரும். அவர்களுக்கு வைக்க வேண்டிய பெயரை அதன்பின் யோசிக்கலாம்.