நாய்க்குட்டிக்கு மைக்ரோசிப்: அச்சமும் அறிவும்

காணாமற்போன குழந்தை தன் பெயரையாவது சொல்லும். காணாமற்போன நாய்க்கு அதுவும் இயலாது. அக்குறையைப் போக்க வந்ததே மைக்ரோசிப் என்னும் சிறு கருவி. 2025-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி, வளர்ப்பு நாய்களுக்கு உரிமம் பெறுவதோடு மைக்ரோசிப் பொருத்துவதையும் கட்டாயமாக்கியது. அதன் பிறகு இப்பேச்சு நம் வகுப்பறைகளுக்குள்ளும் வந்துவிட்டது. “குட்டி முடமாகிவிடுமாம்”, “புற்றுநோய் வருமாம்” என்று ஒரு சாரார் அஞ்சுகின்றனர். “ஒன்றுமே ஆகாது, எறும்புக்கடி போலத்தான்” என்று மற்றொரு சாரார் அடித்துச் சொல்லுகின்றனர். இவ்விரு கூற்றுகளையும் நாம் ஏற்பதற்கில்லை.

மைக்ரோசிப் என்பது ஏறத்தாழ ஓர் அரிசி மணி அளவுள்ளது; 12 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் பருமன். கண்ணாடிக் குமிழுக்குள் 15 இலக்க எண் ஒன்றைத் தாங்கியிருக்கும். அதில் மின்கலம் கிடையாது. ஸ்கேனரை அருகில் கொண்டுவரும்போது மட்டும், அதன் அலையிலிருந்து வலிமை பெற்று எண்ணைத் தெரிவிக்கும். நாய் எங்கே திரிகிறது என்று அது காட்டிக்கொடுக்கும் எனப் பலர் நம்புகிறார்கள். அது தவறு. பார்க்கப்போனால், ஊமை நாய்க்கு ஓர் ஊமைச் சீட்டுதான்!

இதனைத் தோள்பட்டை எலும்புகளுக்கு இடையே, தோலுக்கு அடியில் செலுத்துகிறார்கள். தடுப்பூசி போடும் ஊசியைவிட இந்த ஊசி பருமனானது. ஆகவே குட்டி வீறிடுவதும், ஒரு சொட்டு இரத்தம் கசிவதும், அவ்விடம் ஓரிரு நாள் நோவதும் இயல்பே. சிறிது நேரம் பஞ்சால் அழுத்திப் பிடித்தால் கசிவு நின்றுவிடும். துளை மூடுமுன் குளிப்பாட்டுவதோ, “சிப் எங்கே இருக்கிறது பார்ப்போம்” என்று வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் அமுக்கிப் பார்ப்பதோ கூடாது. தம்பி தங்கைகள் உள்ள வீடுகளில் இதைச் சற்று அழுத்தியே சொல்லவேண்டும். சிப் அத்துளை வழியாகவே வெளியே விழுந்துவிடுவதும் உண்டு.

சிற்சில குட்டிகளுக்கு அவ்விடம் வீங்கிச் சூடேறிச் சீழ் கட்டும். உணவை மறுத்துச் சோர்ந்து படுக்கும். அப்போது மஞ்சள் பூசிக் காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்வதே முறை. இன்னொன்று, சிப் இடம் பெயர்தல். சுற்றிலும் நார்த்திசு வளர்ந்து அதைப் பிடித்துக்கொள்ளுமுன் அது தோளுக்கோ முன்னங்காலுக்கோ நகர்ந்துவிடக்கூடும். இதனால் பெரும்பாலும் தீங்கில்லை. ஆயினும் முதுகை மட்டும் தடவிப் பார்த்துவிட்டு “சிப் இல்லை” என்று முடிவுகட்டினால், வீட்டுக்குத் திரும்பவேண்டிய நாய் தெருவிலேயே நின்றுவிடும். உடல் முழுவதும் ஸ்கேனரைக் கொண்டு பார்க்கவேண்டுவது அதனால்தான்.

முடமாகும் என்ற பேச்சு வெறுங்கதையா? முழுதும் அப்படியல்ல. மிகச் சிறிய இனக் குட்டி ஒன்றுக்கு ஊசி ஆழமாகப் பாய்ந்து, சிப் முதுகெலும்பின் நரம்புக் குழாய்க்குள் சென்று கால்கள் செயலிழந்த நிகழ்ச்சி கால்நடை மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளது. மிக மிக அரிது, ஆனால் நடந்தது. உள்ளங்கையில் அடங்கும் குட்டிக்குத் தோலுக்கும் எலும்புக்கும் இடையே உள்ள இடம் எவ்வளவு? அது திமிறும்போது கை சற்றுப் பிசகினால் என்ன ஆகும்? குற்றம் சிப்பினுடையதன்று, அவசரத்தினுடையது. ஊசி போட்டவுடன் குட்டியின் கால்கள் தளர்ந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. புற்றுநோயைப் பொறுத்தவரை, சிப் இருந்த இடத்தில் கட்டி தோன்றிய நாய்கள் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே மருத்துவ ஏடுகளில் காணப்படுகின்றன. அவற்றிலும் சிப்தான் காரணம் என்று துணிந்து கூற முடியவில்லை. இதற்கு அஞ்சி நாயை ஒளித்து வைப்பதை நாம் ஆதரிக்கமாட்டோம்.

ஒரே நாளில் தடுப்பூசியும் சிப்பும் பெற்ற குட்டி மறுநாள் தூங்கி வழிந்தால், பழி முழுவதும் சிப்பின்மேல் விழுகிறது. தடுப்பூசியாலும் அத்தகைய சோர்வு வரும் என்பதை எவரும் நினைப்பதில்லை. வலுவற்ற குட்டிக்கு இரண்டையும் வெவ்வேறு நாள்களில் செய்யலாமா என்று மருத்துவரைக் கேட்பதில் தவறென்ன?

இங்கிலாந்தில் 2016 ஏப்ரல் 6 முதல், எட்டு வாரம் நிறையுமுன் குட்டிகளுக்குச் சிப் பொருத்துவது சட்டமாயிற்று. அச்சட்டத்தில் நம் மனத்தைக் கவர்ந்தவை மூன்று. பயிற்சி பெற்றவரே பொருத்தவேண்டும். உடல்நலம் இடந்தராத குட்டிக்கு மருத்துவர் சான்று அளித்தால் விலக்கு உண்டு. சிப் நகர்ந்தாலோ, வேலை செய்யாது போனாலோ, நோயோ நோவோ உண்டாக்கினாலோ அதனை அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். மூன்றாவது விதியே எல்லாவற்றிலும் சிறந்தது என்போம். தீங்கு நேர்ந்தால் எழுதிவைக்க ஓர் ஏடு இருக்குமானால், வதந்திக்கு அங்கே இடமேது? நம் ஊர் முகாம்களிலும் அப்படி ஓர் ஏடு மேசைமேல் இருத்தல் வேண்டும். வரிசையை விரைவில் முடிக்கும் நோக்கில் மெலிந்த குட்டிக்கும் ஊசி, கொழுத்த குட்டிக்கும் ஊசி என்று போகாமல், “இது இன்னும் இரண்டு வாரம் கழித்து வரட்டும்” என்று சொல்லும் உரிமை மருத்துவருக்கு இருக்கவேண்டும். அதைக் கேட்டுத் திரும்பும் பெற்றோருக்கு அபராதம் விதிக்கலாகாது.

விலங்குகளிடம் பரிவு காட்டக் கடமைப்பட்டுள்ளோம் என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் கூறுகிறது. தோபித்து ஆகமத்தில் இளைஞன் தோபியா நெடும்பயணம் புறப்படும்போது ஒரு நாயும் உடன் சென்றது. பெயர்கூடக் குறிக்கப்படாத அந்த நாய் திரும்பி வரும்போதும் அவன் பின்னாலேயே வந்தது. நம் வீட்டு நாய்கள் எல்லாம் அவ்வாறு வழி தெரிந்து வருமா?

முகாமுக்குச் செல்லும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பொருத்துமுன் அந்தச் சிப்பை ஸ்கேனரில் வைத்து எண் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பொருத்தியபின் குட்டியின்மேல் வைத்து மறுமுறை பார்க்கச் சொல்லுங்கள். அவ்வெண்ணோடு பதிவான தொலைபேசி எண்ணை நீங்கள் மாற்றினால், அன்றே பதிவிலும் மாற்றிவிடுங்கள்.