மேலாளர் திட்டினால் தப்பு யார் மேல? ஆய்வு என்ன சொல்கிறது?

2023 ஜூன் மாதம், கொல்கத்தாவில் எச்டிஎஃப்சி வங்கி அதிகாரி ஒருவர் ஆன்லைன் மீட்டிங்கில் ஊழியர்களைக் கத்தித் தீர்த்த வீடியோ வைரலானது. டார்கெட் முடிக்கலை என்பதுதான் அவருடைய கோபம். வங்கி அவரை சஸ்பெண்ட் செய்தது.

இப்படி ஒரு செய்தி வந்தாலே, "ஒழுங்கா வேலை பார்த்திருந்தா அவர் ஏன் கத்தப் போறாரு?" என்ற கேள்வியும் கூடவே வரும். அது சரிதானா?

எது 'டார்ச்சர்'?

அமெரிக்க ஆய்வாளர் பென்னட் டெப்பர் 2000-ல் ஒரு வரையறை தந்தார். மேலாளர் சொல்லிலும் செயலிலும் தொடர்ந்து பகைமை காட்டுவதாக ஊழியர் உணர்வதே அது. அடி, உதை இதில் சேராது. 'உணர்வது' என்ற சொல்லைக் கவனிங்க. ஊழியரிடம் கேட்டுத்தான் இதை அளக்கிறார்கள். ஒரே மேலாளர் ஒருவருக்கு ஸ்ட்ரிக்ட், இன்னொருவருக்கு டார்ச்சர்.

ஊழியர் நடத்தைக்குப் பங்கு உண்டா?

உண்டு. மேலாளர் கொடுமைப்படுத்துவதால்தான் ஊழியர் ஏனோதானோன்னு இருக்கார் என்றே பெரும்பாலும் பார்க்கப்பட்டது. 2014-ல் ஜர்னல் ஆஃப் அப்ளைடு சைக்காலஜி இதழில் வந்த ஆய்வு, எதிர்த்திசையையும் சோதித்தது. ஊழியரின் விதிமீறலும் பின்னாளில் மேலாளரின் கடுமைக்கு வழிவிடலாம் என்றது.

அப்போ மேலாளர் மேல தப்பில்லையா?

அப்படி இல்லை. கோபம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் ஆய்வு சொல்கிறது, கத்துவது சரி என்று சொல்லவில்லை. தப்பு செய்தவரிடம் விளக்கம் கேட்கலாம், மெமோ தரலாம், விசாரணை வைக்கலாம். பத்து பேர் முன்னாடி அசிங்கப்படுத்துவதற்கு அங்கே இடமில்லை. அதோட, விதியை மீறுவது வேறு, டார்கெட்டை எட்டாதது வேறு. கொல்கத்தா வீடியோவில் பிரச்சினை டார்கெட்தான்.

சட்டம் இருக்கா?

பாலியல் தொல்லைக்கு 2013 சட்டம் இருக்கு. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கு. வெறுமனே வசை, மிரட்டல் என்றால் தனிச் சட்டம் இல்லை. 8 மணி நேர வேலை கேட்டுப் போராடிய பஞ்சாலைத் தொழிலாளர்கள் 12 பேர் 1936 ஜூலை 30-ல் சுட்டுக் கொல்லப்பட்ட ஊர் நம்ம புதுச்சேரி. அடுத்த வருஷமே வேலை நேரத்துக்குச் சட்டம் வந்தது. மரியாதைக்கு இன்னும் வரலை.

நீங்க என்ன செய்யலாம்?

• திட்டு வேலையைப் பற்றியதா, உங்க குடும்பம், உருவம் பற்றியதா?
• எல்லாருக்குமா, உங்களுக்கு மட்டுமா?
• ஒரு நாளா, தினமுமா?

தேதி, சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்தவர் பெயர் எல்லாத்தையும் அன்னன்னைக்கே குறிச்சு வைங்க. புகாரை வாயால் சொல்லாம மெயிலில் அனுப்புங்க. உங்க பக்கம் தாமதமோ தவறோ இருந்தால் அதையும் மறைக்காம எழுதுங்க. விசாரணையில் முதலில் கிளறப்படுவது அதுதான்.