பை வாங்கும் முன் ஒரு தராசு வாங்குங்கள்

செமஸ்டர் லீவு நெருங்க நெருங்க என் அறைக்கு ஜூனியர்கள் வருகை கூடிக்கொண்டே போகிறது. எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "அண்ணே, இமயமலைப் பக்கம் டிரெக்கிங் போறோம். எந்தப் பை வாங்கலாம்? அறுபது லிட்டரா, எழுபது லிட்டரா?"

நான் சொல்லும் பதிலும் ஒன்றுதான். "முதல்ல ஒரு தராசு வாங்குடா."

கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியாக விளக்கம் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைத்துவிடுகிறேன். இனி கேட்பவர்களுக்கு முகவரியைக் கொடுத்தால் போதும் பாருங்கள் :-)

முதலில் என் அசிங்கத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வருஷம் டிசம்பரில் நானும் ரூம் மேட்டும் கேதார்கந்தா போனோம். உத்தரகண்ட் மாநிலம் உத்தரகாசி மாவட்டத்தில் இருக்கிறது, உச்சி சுமார் 3,800 மீட்டர். டேராடூனிலிருந்து ஒரு முழுப் பகல் வண்டியில் போனால் சாங்க்ரி என்ற கிராமம். நடை அங்கேதான் ஆரம்பம். கூட்டிப் போகிறவர்களே கூடாரம், தூங்கும் பை, சாப்பாடு எல்லாம் தருவார்கள். அதாவது நான் சுமக்க வேண்டியது என் துணிமணி மட்டும்தான்.

சாங்க்ரியில் கோவேறு கழுதை வைத்திருந்த பெரியவர் ஒருவர் கொக்கித் தராசில் என் பையை மாட்டிப் பார்த்தார். 16 கிலோ! அன்றைக்கு என் எடை 58 கிலோ. முழுப் பாரத்தோடு பை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று ஒரு கணக்கு சொல்வார்கள். நான் கால் பங்கையே தாண்டியிருந்தேன். காசு கொடுத்தால் கழுதை மேல் ஏற்றிக்கொள்கிறேன் என்றார். வீம்புக்கு மாட்டேன் என்றேன்.

அப்படி என்னதான் இருந்தது உள்ளே? மூன்று ஜீன்ஸ். "குளிருமேடா" என்று அம்மா மடித்து வைத்த பவானி ஜமக்காளம். முறுக்கும் அதிரசமும் அடைத்த எவர்சில்வர் தூக்கு. எவர்சில்வர் தண்ணீர் பாட்டில். இரண்டு பவர் பேங்க். கடன் வாங்கிய பெரிய கேமரா. இன்னொரு ஜோடி ஷூ. ஒரு தடித்த நாவல் (ஒரு பக்கம் கூடப் புரட்டவில்லை). ஷாம்பு, டியோடரன்ட், மூன்று வகை தைலம். இத்தனைக்கும் வெறும் பையே இரண்டு கிலோவுக்கு மேல். எழுபது லிட்டர் அல்லவா!

முதல் நாளே முழங்கால் முறையிட்டது. இரண்டாம் நாள் நான் நாலு எட்டுக்கு ஒருமுறை நிற்பதைப் பார்த்துவிட்டு, ரூம் மேட் ஒன்றும் பேசாமல் என் பையை வாங்கி முன்பக்கம் மாட்டிக்கொண்டான். முதுகில் அவன் பை, நெஞ்சில் என் பை. அப்படியே பனியில் முகாம் வரைக்கும் வந்தான். அன்று ராத்திரி மூன்று மணிக்கு உச்சிக்குக் கிளம்பினோம். பெரிய பைகள் முகாமிலேயே இருந்தன, ஆனால் கால் அதற்கு முன்பே போய்விட்டிருந்தது. பாதி ஏற்றத்தில் உட்கார்ந்துவிட்டேன். தனியாக இறங்க விடமாட்டேன், யாராவது ஒருத்தர் கூடப் போக வேண்டும் என்றார் வழிகாட்டி. அவன்தான் இறங்கி வந்தான். நட்சத்திரம் அவ்வளவு தெளிவாக இருந்த ஒரு ராத்திரியில், உச்சிக்குப் பக்கத்தில் போய், என் மூன்று ஜீன்ஸுக்காக அவன் திரும்பினான்.

இன்று வரைக்கும் அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் உறுத்துகிறது.

அதனால்தான் சொல்கிறேன், குறைந்த எடையில் நடப்பது என்பது வெறும் வசதி சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. நீங்கள் தேவையில்லாமல் கட்டிக்கொண்டு போகும் ஒவ்வொரு கிலோவும் கடைசியில் யாரோ ஒருவர் முதுகில் ஏறும். நண்பன் முதுகில், சுமைக்காரர் முதுகில், இல்லாவிட்டால் வாயில்லாத கழுதை முதுகில்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

பையின் எடையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். சாப்பாடு, தண்ணீர், எரிபொருள் இவை நடக்க நடக்கக் குறையும். மற்றதெல்லாம் கடைசி வரைக்கும் குறையவே குறையாது. இந்தக் குறையாத பகுதிக்கு அடிப்படை எடை என்று பெயர். அமெரிக்காவில் இது 20 பவுண்டுக்குள், அதாவது சுமார் 9 கிலோவுக்குள் இருந்தால் லைட்வெயிட் என்கிறார்கள். 10 பவுண்டுக்குள், சுமார் நாலரை கிலோவுக்குள் இருந்தால் அல்ட்ராலைட். கூடாரம், தூங்கும் பை எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு!

இதை வீட்டில் சொன்னபோது தாத்தா சிரித்தார். எருமேலி வழியாகக் காட்டுப் பாதையில் சபரிமலைக்கு நடந்து போனவர் அவர். "இருமுடியில முன்முடி சாமிக்கு, பின்முடி நமக்கு. பின்முடி நடக்க நடக்கக் குறையணும்டா, அப்பதான் கட்டினவனுக்குக் கட்டத் தெரியும்னு அர்த்தம்" என்றார். நான் நாலு நாள் இணையத்தில் தேடிப் படித்ததைக் கிழவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

அமெரிக்காவிலும் இதைத் தொடங்கி வைத்தவர்கள் கடைக்காரர்கள் இல்லை. 1955-ல் எம்மா கேட்வுட் என்ற 67 வயதுப் பாட்டி அப்பலாச்சியன் பாதை முழுவதையும், மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல், தன்னந்தனியாக நடந்து முடித்தார். காலில் சாதாரணக் கான்வாஸ் ஷூ. தோளில் தானே தைத்த துணி மூட்டை. மழைக்குக் குளியலறையில் தொங்கவிடும் பிளாஸ்டிக் திரை. பல இரவுகள் வழியில் இருந்தவர்கள் வீட்டில் தங்க இடம் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அப்படியே காப்பியடிக்க முடியாது. பிறகு 1990-களில் ரே ஜார்டின் என்பவர் வந்தார். விண்வெளித்துறை எஞ்சினியர், பாறையேற்றக்காரர்கள் இன்றும் வேறு வேறு வடிவில் பயன்படுத்தும் ஒரு முக்கியமான கருவியைக் கண்டுபிடித்தவர். மனைவியோடு பசிபிக் கிரெஸ்ட் பாதையை நடந்து, பையைத் தானே தைத்து, கனமான பூட்ஸைத் தூக்கி எறிந்து, இந்த முறையைப் புத்தகமாக எழுதினார். ஒரு பாட்டி, ஒரு எஞ்சினியர். இரண்டு பேருமே கடையில் போய்க் காசைக் கொட்டவில்லை.

ஆனால் இன்றைக்கு என்ன நடக்கிறது? "லைட்வெயிட்" என்று ஒட்டினாலே விலை மூன்று மடங்கு. அரைக் கிலோ கூடாரத்துக்குப் பல பத்தாயிரம் ரூபாய் கேட்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு "இதெல்லாம் பணக்காரன் விளையாட்டு" என்று ஒதுங்கும் நண்பர்களுக்கு என் பதில்: எடையைக் குறைப்பதில் பெரும்பகுதி இலவசம். வைத்துவிட்டுப் போவதற்கு யாரும் காசு கேட்பதில்லை.

என் வரிசை இதுதான்.

1. எடை போடுங்கள். சமையலறை டிஜிட்டல் தராசு போதும். ஒவ்வொரு பொருளையும் கிராமில் எழுதுங்கள். "ஒரு ஜீன்ஸ்தானே" என்பது 650 கிராம் என்று எழுத்தில் வரும்போதுதான் உறைக்கும்.

2. "ஒருவேளை தேவைப்பட்டால்?" என்ற பொருளை எல்லாம் வெளியே எடுங்கள். பயத்தைத்தான் நாம் மூட்டை கட்டுகிறோம். அழுக்காகிவிடுமோ, பொழுது போகாதோ, போட்டோவில் ஒரே சட்டை தெரியுமோ என்ற பயம். இதில் எதுவும் ஆளைக் கொல்லாது.

3. மலிவாக மாற்ற முடிந்ததை மாற்றுங்கள். எவர்சில்வர் பாட்டில் காலியாகவே முந்நூறு கிராமுக்கு மேல் வரும். கடையில் தண்ணீர் விற்கும் ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் முப்பது கிராம் அளவுதான், பல நாள் உழைக்கும் (திரும்பக் கொண்டு வந்துவிடுங்கள்). பைக்கு மேல் போடும் மழை உறையை நம்பாதீர்கள், முதுகுப் பக்கம் வழியாகத் தண்ணீர் இறங்கும். பெரிய குப்பைப் பை ஒன்றை உள்ளே விரித்து, துணியை அதற்குள் வையுங்கள். சில ரூபாய் செலவு.

4. வாங்கத்தான் வேண்டும் என்றால் ஷூ முதலில். காலில் ஏறும் எடை முதுகில் ஏறும் எடையை விடப் பல மடங்கு களைப்பைத் தரும் என்று நடைக்காரர்கள் காலங்காலமாகச் சொல்கிறார்கள். பனியில்லாத பாதைக்கு நல்ல பிடிப்புள்ள லேசான ஷூ போதும். பனிக்காலத்தில் மட்டும் கணுக்கால் வரை மூடும் தண்ணீர் புகாத பூட்ஸ்.

5. துணியில் பருத்தி வேண்டாம். நம்ம ஊர் வெயிலுக்குப் பருத்தி தெய்வம். மலைக் குளிரில் அதுவே எமன். வியர்வையை உறிஞ்சிக்கொண்டு காயாமல் உடம்பைக் குளிர வைக்கும். பாலியஸ்டர் டி-ஷர்ட் மலிவு, லேசு, சீக்கிரம் காயும். ஒரு தடித்த ஸ்வெட்டருக்குப் பதில் மெல்லிய அடுக்குகள் இரண்டு மூன்று இருந்தால் ஏறும்போது கழற்றி, நிற்கும்போது போட்டுக்கொள்ளலாம்.

6. தூங்கும் பை வாங்கினால் அட்டையில் இருக்கும் எண்களைப் பாருங்கள். கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று இருக்கும். கடைக்காரர் எக்ஸ்ட்ரீம் எண்ணைக் காட்டி விற்பார். அது நிம்மதியாகத் தூங்கும் அளவு இல்லை, உயிர் பிழைத்துக் கிடக்கும் அளவு! கம்ஃபர்ட் எண்ணை மட்டும் நம்புங்கள். இறகு அடைத்த பை லேசு, ஆனால் நனைந்தால் உப்பல் போய்ச் சூடும் போய்விடும். செயற்கைப் பஞ்சு கனம், நனைந்தாலும் கொஞ்சம் காப்பாற்றும். மாணவன் காசுக்கு இரண்டாவதே சரி. வருஷத்துக்கு ஒரு முறைதான் போவீர்கள் என்றால் வாடகைக்கே எடுங்கள்.

7. பையைக் கடைசியாக வாங்குங்கள். பெரிய பை வாங்கினால் அதை நிரப்பத் தோன்றும், இது மனித குணம். சாமான் எல்லாம் தீர்மானமான பிறகு அது அடங்கும் பையை வாங்கினால் 40, 45 லிட்டரே மிச்சம். இடுப்பு வார் நன்றாக இருக்கிறதா என்று பாருங்கள், பாரம் தோளில் தொங்காமல் இடுப்பில் உட்கார வேண்டும்.

சாப்பாட்டுக்கு ஒரு குறிப்பு. கிராமுக்கு எவ்வளவு கலோரி என்று பாருங்கள். மாவுச்சத்தும் சர்க்கரையும் கிராமுக்கு நாலு, கொழுப்பு ஒன்பது. நிலக்கடலை இரண்டும் கலந்து ஐந்தரைக்கு மேல் வரும். கடலை மிட்டாய், அவல், சத்துமாவு, பொரிவிளங்காய் உருண்டை என்று நம்ம பாட்டிகள் ஏற்கனவே எல்லாம் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். அதிரசம் தப்பில்லை நண்பர்களே, அந்த எவர்சில்வர் தூக்குதான் தப்பு.

இப்போது மறுபக்கம். எடை குறைக்கிற வெறியில் பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியை அறுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அறுத்துவிட்டுப் போகட்டும், யாருக்கும் நஷ்டமில்லை. மழைச்சட்டையையும் மருந்துப் பொட்டலத்தையும் விட்டுவிட்டுப் போகிறவன்தான் ஆபத்தானவன். பூஜ்யத்துக்குக் கீழே போனால்தான் குளிர் கொல்லும் என்றில்லை. பத்து டிகிரியிலும் மழையும் காற்றும் சேர்ந்து நனைந்த உடம்பை வீழ்த்திவிடும். மழைக்காப்பு, நனையாத ஒரு சூடான உடுப்பு, தலை விளக்கு, மருந்து, ஒரு வேளைக்குக் கூடுதல் உணவு இந்த ஐந்தில் கை வைக்காதீர்கள். வைத்தால் அதுவும் அடுத்தவன் முதுகுக் கணக்குதான், அவன் தன் ஜாக்கெட்டைக் கழற்றி உங்களுக்குக் கொடுக்க வேண்டி வரும். தேவையில்லாததைச் சுமப்பவனும் தேவையானதைச் சுமக்காதவனும் ஒரே ஜாதி.

மூன்றாம் வருஷம் அக்டோபரில் சந்தக்பூ போனேன். டார்ஜிலிங் பக்கம் சிங்கலீலா மலைத்தொடர், 3,636 மீட்டர். வழியில் தங்க விடுதிகள் உண்டு, கம்பளி கொடுப்பார்கள், அதனால் கூடாரம் வேண்டாம். என் பட்டியல்: பை 1,100 கிராம், மெல்லிய தூங்கும் பை 1,000, ஃப்ளீஸ் 300, பஞ்சு ஜாக்கெட் 400, மழை போஞ்சோ 300, உள் வெப்ப உடை 350, மாற்று டி-ஷர்ட் 150, உள்ளாடையும் சாக்ஸும் 250, குல்லாவும் கையுறையும் 150, தலை விளக்கு 80, மருந்து 200, ஒரே ஒரு பவர் பேங்க் வயரோடு 230, சோப்பு பிரஷ் துண்டு 200, இரண்டு பாட்டில் 60, குப்பைப் பை 50, சில்லறைச் சாமான் 150. கூட்டிப் பாருங்கள், 4,970. தண்ணீரும் கடலை மிட்டாயும் சேர்த்தும் ஏழு கிலோ வரவில்லை. ஒரே டி-ஷர்ட்டில் எல்லா போட்டோவிலும் நிற்கிறேன். பின்னால் கஞ்சன்ஜங்கா நிற்கும்போது என் சட்டையை யார் பார்க்கப் போகிறார்கள்?

இமயமலை வரை போகக் காசில்லாதவர்கள் இங்கேயே பழகலாம். தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் 'டிரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 பாதைகளை இணையப் பதிவோடு தொடங்கியது. அனுமதியில்லாமல் காட்டுக்குள் போகாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் 23 பேர் இறந்ததை நாம் மறக்கக் கூடாது. ஒரு நாள் நடைக்குப் பள்ளிக்கூடப் பை போதும். அதையும் எடை போட்டு, வந்த பிறகு தொடாத பொருள் எது என்று குறித்து வையுங்கள். இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

ரூம் மேட் இப்போது வேலையில் இருக்கிறான். மூன்று வருஷமாக லீவு கிடைக்கவில்லை, இந்த டிசம்பரில் கிடைக்கும் போலிருக்கிறது. மறுபடியும் கேதார்கந்தா. போன வாரம் தன் பட்டியலை அனுப்பியிருந்தான். எல்லாம் கச்சிதம், கடைசி வரியில் மட்டும் "உன் ஜீன்ஸுக்கு இடம்: 2 கிலோ" என்று எழுதியிருந்தான்.

முதல் முறையாக அதைப் பற்றிப் பேசியிருக்கிறான். இந்த முறை அவன் உச்சியில் நிற்கும்வரை என் முழங்கால் தாங்க வேண்டும். பையில் மட்டும் நான் ஏழு கிலோவைத் தாண்ட மாட்டேன்.