நொண்டும் ஆட்டுக்கு முதலில் சோதனை, பிறகு ஊசி

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பட்டி சேறானால் செம்மறி ஆடுகள் நொண்டத் தொடங்கும். கள்ளக்குறிச்சி மாவட்டம் களமருதூர் போன்ற ஊர்களில் ஆடு வளர்ப்போர் இதனைக் 'குளம்பு நோய்' என்று ஒரே பெயரால் கூறி, கைக்குக் கிடைத்த ஊசியைப் போட்டுவிடுவதுண்டு. இவ்வழக்கம் மாற வேண்டும்.

மந்தையில் பல ஆடுகள் ஒருசேர நொண்டினால் மூன்று நோய்களைச் சந்தேகிக்க வேண்டும். கோமாரியும் நீலநாக்கு நோயும் வைரஸ் கிருமிகளால் வருபவை. ஆன்டிபயாடிக் ஊசி அக்கிருமிகளைக் கொல்லாது. குளம்பு அழுகல் நோய் டைக்கிலோபாக்டர் நொடோசஸ் என்னும் பாக்டீரியாவால் வருவது. குளம்பிடுக்கில் புண், துர்நாற்றம், குளம்பு பிரிதல் ஆகியவை இதன் அறிகுறிகள். தொடக்க நிலையில் கண்ணால் மட்டும் பார்த்து உறுதி செய்வது கடினம்.

இப்பாக்டீரியா காற்றுப்பட்டால் வளராது. ஆதலால் ஆய்வுக்கூடத்தில் வளர்த்துக் கண்டறியப் பல நாட்களாகும். பி.சி.ஆர். சோதனையில், புண்ணிலிருந்து பஞ்சுக் குச்சியில் எடுத்த மாதிரியிலேயே கிருமியின் மரபுப்பொருளை விரைவில் கண்டுவிடலாம். கிருமி வீரியமுள்ளதா, சாதுவானதா, அதன் 10 வகைகளில் எது என்பதையும் இம்முறையில் அறியலாம்.

இதனால் என்ன பயன்? சாதுவான வகைக்கு உலர்ந்த தரையும், 10 லிட்டர் நீருக்கு 1 கிலோ துத்தநாக சல்பேட் கலந்த குளம்புக் குளியலும் பெரும்பாலும் போதும். வீரிய வகையானால் நோயுற்ற ஆடுகளைப் பிரித்து வைத்து, மருத்துவர் சொல்லும் சிகிச்சை அளிக்க வேண்டும். குணமாகாதவற்றைக் கழிக்க வேண்டும். தரையில் இக்கிருமி ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்குமேல் பிழைப்பதில்லை. குளம்பிலிருந்து ஒழித்தால் மந்தையிலிருந்தே ஒழிந்துவிடும். நேபாளத்தில் 1990களில் கிருமியின் வகையை அறிந்து, அதற்கேற்ற தடுப்பூசி போட்டு, வீரிய நோயை ஒழித்துக் காட்டியுள்ளனர். காஷ்மீரில் 'பி' வகையே மிகுதி என்று கண்டதும் ஆய்வுக்கூடச் சோதனையால்தான்.

இச்சோதனை ஆராய்ச்சியோடு நின்றுவிடாமல் பட்டி வரை வர வேண்டும். மழைக்காலத்தில் கால்நடை மருந்தகங்கள் மந்தைக்குச் சில ஆடுகளிலிருந்தேனும் மாதிரி எடுத்து அனுப்ப ஏற்பாடு தேவை. ஒவ்வோர் ஆட்டையும் சோதிக்க வேண்டியதில்லை. சில ஆடுகளின் முடிவே மந்தை முழுவதற்கும் வழிகாட்டும். ஆடு வளர்ப்போரும் மருந்து தடவுவதற்கு முன்பே மருத்துவரை அழைத்து மாதிரி எடுக்கச் சொல்ல வேண்டும். முடிவு வரும்வரை நொண்டும் ஆட்டை உளுந்தூர்பேட்டைச் சந்தைக்கு ஓட்டுவதும், பிறர் ஆடுகளோடு கிடையில் சேர்ப்பதும் கூடாது. நோய் இன்னதென்று அறியாமல் செலவிடும் மருந்துப் பணத்தைவிடச் சோதனைக்காகும் செலவு வீணாகாது.