மரத்தடிப் பொடுதலை

நம் கல்லூரியில் ரோஜாத் தொட்டிகளுக்கு நாடோறும் நீருண்டு, எருவுமுண்டு. வேம்புகளின் ஓரத்தே படர்ந்துள்ள பொடுதலைக்கோ மண்வெட்டியே கிடைக்கின்றது! உதிர்ந்த சருகை வாரித் தீயிலிடுதல் தூய்மையெனவும் கருதப்படுகின்றது. யாம் இதற்கு உடன்படோம். சருகை எரித்துவிட்டுக் கடையில் உரம் வாங்குதல் எவ்வகைச் சிக்கனமோ அறியோம்.

பொடுதலை கணுத்தோறும் வேர்விட்டு மண்ணைப் பற்றும் இயல்பினது. ஐப்பசி மழையில் மேல்மண் கரைந்தோடாமற் காப்பன அவ்வேர்களே. சென்ற ஆண்டு களையென்று செதுக்கப்பட்ட வடபுறத்தில் இன்று மரவேர்கள் வெளிப்பட்டு நிற்றலை அன்பர்கள் சென்று காண்க.

உணவூட்டுதலிலும் அளவு வேண்டும். குழியிலிட்டு நன்கு மக்கிய சருகைச் சலித்து, மழைக்கு முன்னர் ஒரு விரற்கனத்திற்கு மிகாமல் தூவி, இலைமேல் தங்கியதை நீர் தெளித்து இறக்கினாற் போதும். தழைச்சத்து மிகின் இலை கொழுக்கும், பூக் குறையும், தேனீக்களும் வாரா. இடையே முளைக்கும் சிறுபுள்ளடிக்கு இதுவும் மிகையே. அவரையினமாதலின், அதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனையே உணவாக்கித் தருகின்றன. புதிதாய் நட்ட கொடிகளுக்கு மட்டும் வேரூன்றுங்காறும் நீர் தவறலாகாது.

நடைபாதையைப் பெருக்குக, யாம் தடுத்திலோம். தோட்டப் பொறுப்பாளரிடம் யாம் வேண்டுவன, சருகுக்கு ஒரு குழியும், மரத்தடியில் மண்வெட்டிக்கு ஓராண்டு ஓய்வுமே.