வலை போட்டவர்

உயரம் சுமார் ஐந்தடி. அந்த உடம்பை வைத்துக்கொண்டு அமெரிக்க ஃபுட்பால் ஆடப் போகலாமா? சின்சினாட்டி யூனிவர்சிட்டி மாணவர் ஜோசப் ஸ்ட்ராஸ் போனார். நம்ம ஊர் ஃபுட்பால் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓட வேண்டும். எதிரே வருகிறவன் ஆளையே சாய்ப்பான். சாய்த்தார்கள். நேரே ஆஸ்பத்திரிக் கட்டில்!

அந்த ஜன்னல் வழியே ஓஹையோ நதியின் தொங்குபாலம் தெரியுமாம். அதைப் பார்த்துப் பார்த்தே பாலப் பைத்தியம் பிடித்தது என்று சொல்வார்கள். 1892-ல் பட்டம். 1937-ல் சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலம். கோபுரத்துக்குக் கோபுரம் 4,200 அடி. அன்றைக்கு உலகத்திலேயே நீளமான தொங்குபாலம் அதுதான். சீஃப் இன்ஜினீயர் நம்ம ஸ்ட்ராஸ்.

எனக்கு அவரிடம் பிடித்தது அந்த வலை. பத்து லட்சம் டாலர் செலவுக்கு ஓர் உயிர் போகும் என்பது அந்தக் காலத்துப் பாலக் கணக்கு. ஸ்ட்ராஸ் அதை ஒத்துக்கொள்ளவில்லை. 1,30,000 டாலர் செலவில் பாலத்தடியில் வலை கட்டினார். விழுந்து பிழைத்தவர்கள் 19 பேர். 'நரகத்துக்குப் பாதி வழி கிளப்' என்று தங்களுக்குப் பேர் வைத்துக்கொண்டார்கள். 1937 பிப்ரவரி 17 அன்று சாரம் சரிந்து வலையையே கிழித்துக்கொண்டு போனதில் 10 பேர் இறந்தார்கள். மொத்தம் 11.

சரி, இப்போ ஆபீஸ் சமாசாரம். அந்தப் பாலத்துக்குக் கணக்குகளில் பெரும்பங்கு போட்டவர் ஸ்ட்ராஸிடம் வேலை பார்த்த சார்லஸ் எல்லிஸ். 1931 கடைசியில் 'லீவில் போ' என்று அனுப்பியவர், திரும்பக் கூப்பிடவே இல்லை. மனுஷன் அப்புறமும் மாதக்கணக்கில், சம்பளம் இல்லாமல், வீட்டில் உட்கார்ந்து கணக்கைச் சரிபார்த்தார். திறப்பு விழாவில் அவர் பேரை யாரும் சொல்லவில்லை. 1949-ல் இறந்துபோனார். பால நிர்வாகம் அவர் பங்கை முறைப்படி ஒத்துக்கொண்டது 2007-ல்!

முன்பின் தெரியாத கூலித் தொழிலாளி விழுந்தால் பிடிக்க வலை போட்டவருக்கு, பக்கத்து மேஜைக்காரன் விழுந்தது தெரியவில்லை. ஃபுட்பால் பதினோரு பேர் சேர்ந்து ஆடுகிற ஆட்டம். அதை அவர் இன்னும் கொஞ்ச நாள் ஆடியிருக்கலாம்.

உங்கள் ரிப்போர்ட்டில் மானேஜர் தன் பேரைப் போட்டுக்கொண்டாரா? கவலை வேண்டாம். 76 வருஷம் பொறுங்கள். அதுவரை ஒரு காப்பி எடுத்துப் பத்திரமாக வைத்திருங்கள்.