கிரிப் மாட்டினால் கவலை தீருமா?



எங்கள் மதரஸாவில் ஓதி முடித்துச் சென்ற மாணவர்களுள் சிலர் இன்று நிகாஹ் நிகழ்ச்சிகளிலும் பள்ளி விழாக்களிலும் படமெடுக்கும் தொழிலில் இருக்கின்றனர். அல்ஹம்துலில்லாஹ், ஹலாலான உழைப்பு. அவர்களுள் ஒருவர் அண்மையில் என்னைக் காண வந்தார். "உஸ்தாத், கேமராவுக்குப் பேட்டரி கிரிப் வாங்கலாமா? இரண்டு பேட்டரி போட்டுவிட்டால் நாள் முழுவதும் கவலையில்லை என்கிறார்களே!" என்று கேட்டார். உஸ்தாதிடம் கேட்கும் கேள்வியா இது என்று வாசகர்கள் வியக்கலாம். மதரஸாவின் கேமரா பல ஆண்டுகளாக என் பொறுப்பில் இருப்பதே காரணம். ஆண்டு விழா, பரிசளிப்பு, ஸனது வழங்கும் நிகழ்ச்சி என்று எல்லாவற்றுக்கும் படமெடுப்பவன் நானே.

அவருக்கு நான் சொன்ன பதில் சுருக்கமானது: "கைக்காக வாங்குங்கள், கவலை தீரும் என்பதற்காக வாங்காதீர்கள்." அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு தவறு இருக்கிறது. அது என்னுடைய தவறு. பிறருக்குப் பயன்படக்கூடும் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மதரஸாவில் ஸனது வழங்கும் விழா நடந்தது. குர்ஆனை மனனம் செய்து முடித்த மாணவர்களை ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்து, தலைப்பாகை அணிவித்து, ஸனதைக் கையில் கொடுப்பார்கள். அந்த மாணவர்களுள் ஒருவருடைய தந்தை வளைகுடாவில் வேலை செய்பவர். இவ்விழாவுக்காகவே விடுப்பு வாங்கி வந்திருந்தார். மகன் ஸனதுடன் படியிறங்கி வந்ததும், கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்து, மகனின் தலையைத் தம் மார்போடு சேர்த்துக்கொண்டு அழுதார். நான் ஷட்டர் பட்டனை அழுத்தினேன். கேமராவில் அசைவில்லை. திரையும் அணைந்திருந்தது.

கிரிப்பினுள் முழுதாகச் சார்ஜ் ஏற்றிய இரண்டு பேட்டரிகள் இருந்தன. பதற்றத்தில் அவற்றைக் கழற்றி மாட்டினேன், பயனில்லை. சில நிமிடங்களுக்குப் பிறகே காரணம் புலப்பட்டது. கிரிப்பைக் கேமராவின் அடிப்பாகத்தோடு பிணைக்கும் திருகுச் சக்கரம் தளர்ந்திருந்தது. மாலை முழுவதும் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பிடித்ததில் இரண்டுக்கும் இடையே சிறு இடைவெளி விழுந்து, மின்தொடர்பு அறுந்துவிட்டது. விரலால் ஒரு சுற்றுச் சுற்றியதும் கேமரா உயிர் பெற்றது. தந்தையையும் மகனையும் மீண்டும் நிற்கவைத்துப் படமெடுத்தேன். படம் தெளிவாகவே வந்தது. தந்தை கண்களைத் துடைத்துக்கொண்டு, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, கேமராவை நேராகப் பார்த்து நிற்கிறார். நான் எடுக்க வேண்டியிருந்த படம் அதுவன்று.

பேட்டரி கிரிப் என்றால் என்னவென்று அறியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். அது கேமராவின் அடியில், முக்காலியைப் பொருத்தும் திருகுத் துளையில் பிணைக்கப்படும் கூடுதல் கைப்பிடி. சில கேமராக்களில் பேட்டரி அறையின் மூடியைக் கழற்றிவிட்டு, கிரிப்பின் நீண்ட முனையை அவ்வறையினுள் செலுத்த வேண்டும். பேட்டரிகள் கிரிப்பினுள் இருக்கும். வேறு சிலவற்றில் ஒரு பேட்டரி கேமராவிலேயே இருக்க, மற்றொன்று கிரிப்பில் இருக்கும். 2008-ஆம் ஆண்டு வெளிவந்த கேனான் 5டி மார்க் 2 கேமராவுக்கான கிரிப்பில் இரண்டு பேட்டரிகளை இடலாம். அவை இல்லாதபோது, சுவர்க் கடிகாரத்தில் போடுகிறோமே, அந்த ஏஏ அளவுள்ள ஆறு செல்களையும் இடலாம். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பும்போது விரலுக்கு எட்டுமாறு இன்னொரு ஷட்டர் பட்டனும் கிரிப்பில் இருக்கும்.

இனி, சார்ஜுக்காக இது தேவையா என்று பார்ப்போம். மேலே சொன்ன கேனான் கேமராவில், தரச் சோதனைக் கணக்கின்படி, ஒரு பேட்டரி ஏறத்தாழ 850 படங்களுக்கு வரும். ஒரு நிகாஹ் மஜ்லிஸுக்கு அதுவே பெரும்பாலும் போதும். போதாதவர் ஒரு மாற்றுப் பேட்டரியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால் அரை நிமிடத்தில் மாற்றிவிடலாம். கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் வந்தபோது இந்நிலை சற்று மாறியது. 2013-இல் வெளிவந்த சோனி ஏ7 கேமராவில் ஒரு பேட்டரி ஏறத்தாழ 340 படங்களோடு நின்றுவிடும். அத்தகைய கேமரா வைத்திருப்பவருக்குக் கிரிப் உண்மையான உதவி. ஆனால் 2018-இல் வந்த அதன் மூன்றாம் தலைமுறையிலோ, பெரிய பேட்டரியின் காரணமாக அந்த எண்ணிக்கை 600-ஐத் தாண்டியது. எனவே முதலில் தம் கேமராவின் கணக்கை அறிந்துகொண்டு, பிறகு முடிவெடுப்பதே முறை.

கிரிப்பின் மெய்யான பயன் சார்ஜில் இல்லை, பிடிப்பில் இருக்கிறது என்பதே என் கருத்து. தனி மனிதரை நின்ற நிலையில் படமெடுக்கக் கேமராவைச் செங்குத்தாகத் திருப்ப வேண்டும். கிரிப் இல்லையெனில் வலது முழங்கை தலைக்கு மேல் தூக்கி நிற்கும், பத்துப் படத்துக்குப் பரவாயில்லை, முந்நூறு படத்துக்குத் தோள் கடுக்கும், கை நடுங்கும், படமும் கலங்கும். கிரிப் இருந்தால் முழங்கை உடலோடு ஒட்டியிருக்கும். 70-200 மில்லிமீட்டர் எஃப் 2.8 போன்ற, ஒன்றரைக் கிலோ எடையுள்ள லென்ஸைப் பயன்படுத்துவோருக்கு முன்பாரமும் சமப்படும். மாணவர்களை ஒவ்வொருவராக நிறுத்திப் படமெடுக்கும் எனக்கு இது பெரிய ஆறுதல். அதே வேளையில், கிரிப்பும் கூடுதல் பேட்டரியும் சேர்ந்து அரைக் கிலோ வரை எடையைக் கூட்டும் என்பதையும் மறக்கலாகாது. பெருநாளன்று பிள்ளைகளைப் படமெடுப்பதற்காக மட்டும் கேமரா வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு அது வீண் பாரம், வீண் செலவும்கூட.

வேகம் கூடும் என்பவர்களும் உண்டு. சில கேமராக்களில் அது உண்மை. நிக்கான் டி300 நொடிக்கு 6 படங்கள் எடுக்கும். அதற்குரிய கிரிப்பில் பெரிய வகைப் பேட்டரியை இட்டால் 8 படங்கள் எடுக்கும். கேமராவில் உள்ள அதே சாதாரண பேட்டரியைக் கிரிப்பிலும் இட்டால் வேகம் கூடாது. இது எல்லாக் கேமராவுக்கும் பொருந்தும் விதியுமன்று. படத்தின் தரத்தைப் பொறுத்தவரை, கிரிப் எதையும் கூட்டுவதில்லை.

நம் மாணவர்களிடம் மனம் திறந்து சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு. "கிரிப் மாட்டிய பெரிய கேமராவைக் கண்டால்தான் வீட்டார் மதிக்கிறார்கள், கட்டணமும் கூட்டிக் கேட்க முடிகிறது" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அவருடைய நெருக்கடி எனக்குப் புரிகிறது. எனினும், தோற்றத்தைக் காட்டிக் கூடுதலாக வாங்கும் பணத்துக்கு ஈடாக எதைக் கொடுக்கிறோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டாமா? பணம் கொடுப்பவர் நம்மிடம் ஒப்படைப்பது தம் வீட்டின் ஒரு நாளை. அது அமானிதம். கேமராவின் அளவு அந்த அமானிதத்தைக் காக்காது.

விலை மலிவு என்று கிடைக்கும் கிரிப்புகளை எல்லாம் நான் குறை கூறவில்லை. நன்றாக உழைப்பவையும் உண்டு. வாங்கும்போது கேமராவில் மாட்டி, இறுக்கி, இரு கைகளாலும் அசைத்துப் பாருங்கள். அசைவு தெரிந்தால் வேண்டாம். சில தொடக்கநிலைக் கேமராக்களுக்கு நிறுவனமே கிரிப் செய்வதில்லை. பிறர் செய்யும் கிரிப்புகளில் ஷட்டர் பட்டன் வேலை செய்ய, வெளியே ஒரு சிறு கேபிளைச் செருக வேண்டியிருக்கும். அது கையில் சிக்கும் என்பதையும் அறிந்து வாங்குங்கள். போலி பேட்டரிகளை மட்டும் அறவே தவிர்க்க வேண்டும். உறையில் எழுதியுள்ள அளவுக்குச் சார்ஜ் நில்லாமல் போவதோடு, அவை உப்பிக்கொண்டு வெளியே எடுக்க முடியாமல் சிக்கிவிடுவதும் உண்டு.

அந்த விழாவுக்குப் பிறகு நான் எனக்கென்று சில ஒழுங்குகளை வகுத்துக்கொண்டேன். கேமராவை அணைத்த பிறகே கிரிப்பை மாட்டுவேன், கழற்றுவேன். நிகழ்ச்சி தொடங்குமுன் சக்கரத்தை ஒரு முறை இறுக்குவேன். இடைவேளை வரும்போதெல்லாம் விரலால் தொட்டுப் பார்ப்பேன். பேட்டரிகளில் 1, 2 என்று எண் எழுதி, முந்தைய இரவே இரண்டுக்கும் சார்ஜ் ஏற்றுவேன். கேமராவின் மெனுவில் இரண்டின் அளவும் தெரிகிறதா என்று பார்ப்பேன். கிரிப்பில் இரண்டு இருந்தாலும் மூன்றாவதாக ஒன்று என் பையில் இருக்கும். கழற்றிய பேட்டரி மூடியையும் உடன் கொண்டுசெல்வேன். கிரிப் பழுதாகிவிட்டால் கழற்றி வைத்துவிட்டு ஒற்றைப் பேட்டரியில் எடுக்கலாம். மூடி இல்லாவிட்டால் பல கேமராக்கள் இயங்கா. அன்று என்னிடம் மூன்றாவது பேட்டரியும் இல்லை, மூடியும் இல்லை. இரண்டும் என் அறையிலுள்ள மேசை இழுப்பறையில் பத்திரமாக இருந்தன. கிரிப் இருக்கிறதே என்ற துணிவுதான் அவற்றை அங்கே விட்டுவரச் செய்தது.

அந்த மாணவர் இப்போது வேறோர் ஊரில் இமாமாக இருக்கிறார். தந்தை இன்னும் வளைகுடாவில்தான் வேலை செய்கிறார். நான் எடுத்துக்கொடுத்த படம் அவர்கள் வீட்டுக் கூடத்தில் சட்டமிட்டு மாட்டப்பட்டிருக்கிறது. ஒரு முறை அங்கே சென்றிருந்தபோது, "உஸ்தாத் எடுத்த படம்" என்று மாணவரின் தாயார் உறவினர்களிடம் மகிழ்ச்சியோடு காட்டினார். படத்தில் என்ன இல்லை என்பது அவருக்குத் தெரியாது. நான் தலைகுனிந்து தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

இவ்வாண்டு ஸனது விழா, இன்ஷா அல்லாஹ், விரைவில் வரவிருக்கிறது. கேள்வி கேட்ட மாணவரையே அன்று உதவிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். கிரிப்பை அவர் கையில் கொடுத்து, முதல் வேலையாகச் சக்கரத்தை இறுக்கச் சொல்வேன். வாங்குவதா வேண்டாமா என்பதை அதன் பிறகு அவரே முடிவு செய்துகொள்ளட்டும்.